‘ஃபால்’ எங்கிருந்து வந்தது, ஆர்மேனியர்கள் எப்படி விழுகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் விழுவதற்குச் சொல்கிற ‘ஃபால்’ எங்கிருந்து வந்தது, அதற்கு எத்தனை பொருள், ஆர்மேனிய மொழியில் அதற்கு என்ன சொல்? கூடவே ஒரு சந்தேகம்: நம் ‘வீழ்’தான் அங்கே போய் ‘ஃபால்’ ஆனது என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அது நிஜமா?

கடைசிச் சந்தேகத்துக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. ஏன் இல்லை என்று காட்டத்தான் கொஞ்சம் இடம் வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

நான் மொழியியல் படித்தவன் அல்ல, மருத்துவன். ஆர்மேனியாவின் தலைநகர் யெரெவானில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தேன். படித்ததைவிட அகராதி புரட்டியதுதான் அதிகம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அங்கே போய்ச் சேர்ந்தபின் வந்த முதல் குளிர்காலத்தில், நான் குடியிருந்த கட்டடத்தின் வாசற்படியெல்லாம் கண்ணாடி மாதிரி பனி உறைந்து கிடந்தது. வீட்டுக்காரப் பாட்டி மாடி ஜன்னலைத் திறந்து கத்தினார்: “சங்க்னெஸ், பாலா ஜான்!” பாலா ஜான் என்றால் ‘என் கண்ணு’ மாதிரி. அது எனக்குத் தெரியும். முதல் சொல் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்கத் திரும்பினேன். திரும்பிய வேகத்திலேயே அதன் பொருள் விளங்கிவிட்டது. முழங்கை வீங்கி, ரெண்டு வாரம் இடது கையால்தான் குறிப்பெடுத்தேன்.

‘அங்க்னெல்’ என்றால் விழு. ‘சங்க்னெஸ்’ என்றால் ‘விழுந்திடாதே’. முதல் எழுத்தாக நான் போட்டிருக்கும் ‘அ’வை வாயை முழுக்கத் திறக்காமல், சோம்பலாகச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும். இன்றைய கிழக்கு ஆர்மேனியத்தில், அதாவது ஆர்மேனியக் குடியரசில் பேசுகிற மொழியில், ‘ஃபால்’ என்பதற்கு அகராதியில் முதலில் நிற்கும் சொல் இதுதான். விழுந்தான் என்பதற்கு ‘அங்காவ்’.

அந்தப் பாட்டியை நான் ‘தாத்திக்’ என்றுதான் கூப்பிடுவேன். ஆர்மேனியத்தில் தாத்திக் என்றால் பாட்டி. தாத்தாவுக்கு ‘பாப்பிக்’. ஊரிலிருந்து பேசும்போது “தாத்திக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று செய்து தந்தார்” என்று சொன்னால், எங்கள் வீட்டில் யாரோ ஒரு தாத்தா சமைக்கிறார் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒலி ஒத்திருப்பதை நம்பினால் பாட்டியைத் தாத்தா ஆக்கிவிடுவோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ‘வீழ்’ விஷயத்துக்கு வரும்போது உதவும்.

முதலில் ஆங்கிலம். ‘ஃபால்’ எங்கிருந்தும் கடன் வாங்கிய சொல் அல்ல, ஆங்கிலத்தின் பிறவிச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபெயல்லன்’. ஜெர்மனில் ‘ஃபாலன்’, டச்சில் ‘வாலன்’, ஸ்வீடிஷில் ‘ஃபால்லா’, எல்லாம் ஒரு தாய் மக்கள். நாம் ‘வீழ்’ என்பதற்கு ‘வீழ்த்து’ வைத்திருப்பது போல அவர்களும் பிறவினை வைத்திருக்கிறார்கள். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ‘ஃபெல்’. பழங்காலத்தில் வேர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒரு இகர ஒலி வந்து ஒட்டிப் பிறவினை ஆக்கியது. அந்த இகரம் முன்னாலிருந்த அகரத்தை எகரமாக இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்கார வை; இதுவும் அதே குடும்பத் தந்திரம்தான். சிக்கல் என்னவென்றால் ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலமும் ‘ஃபெல்’ என்றே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதன் பொருள்கள் எத்தனை என்று பெரிய அகராதிகளைப் பார்த்தால் பக்கம் பக்கமாக ஓடும். எல்லாவற்றையும் இங்கே கொட்டப் போவதில்லை. அடிப்படையில், மேலிருந்து கீழே போவது எதுவானாலும் அந்தச் சொல் பிடித்துக்கொள்ளும்: மழை, விலை, காய்ச்சல், ஆட்சி, கோட்டை. அடுத்து, நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் ஒரு நிலைக்குள் போய்விடுவது. தூக்கத்துக்குள் ‘விழுவார்கள்’, நோயில் விழுவார்கள், காதலில் விழுவார்கள், கடனில் பின்னால் விழுவார்கள். இன்ன தேதி திங்கட்கிழமையில் ‘விழுகிறது’ என்பார்கள். சண்டை போட்டுப் பிரிந்தால் வெளியே விழுந்துவிட்டார்கள்.

அதோடு அது பெற்றுப்போட்ட பிள்ளைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது ‘ஆஃபல்’. ஆடு வெட்டும்போது வெட்டுமேசையிலிருந்து ஒதுங்கி விழுபவை: குடல், ஈரல், போட்டி எல்லாம். ‘ஆஃப்’பும் ‘ஃபால்’உம் ஒட்டியதுதான் அந்தச் சொல். எதிர்பாராமல் கையில் வந்து சேரும் பணத்துக்கு ‘விண்ட்ஃபால்’ என்பார்கள். காற்றடித்துத் தானாகக் கீழே விழுந்த பழமும் சுள்ளியும்தான் அதன் பழைய பொருள். தோப்புக்காரர் தடி எடுத்து வருவதற்குள் பொறுக்கிய மாம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் இலையுதிர் காலத்தை ‘ஃபால்’ என்பதைப் பார்த்து ஆங்கிலேயர்கள் முகம் சுளிப்பதுண்டு. அது அநியாயம். ‘இலை வீழ்ச்சி’ என்ற தொடராக 16ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்திலேயே வழங்கியது. கப்பலேறிப் போனவர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். ஊரில் இருந்தவர்கள் பிரெஞ்சு வழி வந்த ‘ஆட்டம்’ போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நம் வீடுகளுக்குள்ளும் இந்தச் சொல் நுழைந்துவிட்டது. புதுச் சேலை வாங்கினால் ‘ஃபால்ஸ் அடிக்க’க் கொடுக்கிறோமே, அது இதே ‘ஃபால்’தான். சேலையின் அடிக்கரை மடங்காமல் கனமாகத் தொங்கி விழுவதற்காகத் தைக்கும் பட்டை. குற்றாலத்துக்குப் போனால் ‘மெயின் ஃபால்ஸ்’. ‘நீர்வீழ்ச்சி’ என்பது ‘வாட்டர்ஃபால்’ என்பதை அப்படியே பெயர்த்து வைத்தது. அருவி என்ற பழஞ்சொல் இருக்கும்போது அது தேவையா என்று எனக்குக் கேள்வி உண்டு.

இரண்டு தவறான உறவுகளைச் சொல்லிவிடுகிறேன். தேர்வில் ‘ஃபெயில்’ ஆவதும் ‘ஃபால்’ ஆவதும் ஒரே வேர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ‘ஃபெயில்’, ‘ஃபால்ட்’ இரண்டும் லத்தீனின் ‘ஃபல்லெரே’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தவை. அதன் பொருள் ஏமாற்று. லத்தீனில் சொல் முதலில் ‘ஃப’ வந்தால் ஆங்கிலப் பிறவிச் சொல்லில் பெரும்பாலும் ‘ப’ வரும்: ‘ஃபிராத்தெர்’ அங்கே, ‘பிரதர்’ இங்கே. ஆகவே ‘ஃப’வுக்கு ‘ஃப’ என்று நேருக்கு நேர் பொருந்தினால் சந்தேகப்பட வேண்டும். மற்றொன்று, வடக்கு இங்கிலாந்தில் மலையைக் குறிக்கும் ‘ஃபெல்’. அது ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த வேறு சொல்.

இப்போது வேர். ஆங்கிலமும் ஆர்மேனியமும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை, இந்தோ-ஐரோப்பியம். ஆர்மேனியத்தில் பாரசீகச் சொற்கள் அவ்வளவு குவிந்து கிடந்ததால் வெகுகாலம் அதை ஈரானிய மொழிகளில் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஹைன்ரிஷ் ஹ்யூப்ஷ்மான் என்ற ஜெர்மானியர் 1875இல் கடன் சொற்களைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, மிச்சம் இருப்பது யாருடைய கிளையும் அல்ல, தனிக் கிளை என்று காட்டினார். பிரித்துக் காட்டும் வழி எளிது. ஒரு சொல் மட்டும் ஒலி ஒத்தால் போதாது. வரிசையாக, ஒரே விதத்தில், மாறாமல் பொருந்த வேண்டும்.

நமக்குத் தெரிந்த உதாரணத்தில் பார்ப்போம். தமிழில் சொல் முதலில் வரும் ‘வ’ கன்னடத்தில் ‘ப’ ஆகும், ‘பஸ்’ஸில் வரும் அந்த ‘ப’. வாய் அங்கே பாயி, வேர் பேரு, வில் பில்லு. வீழ் என்பது பீளு. இது உறவு. எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒழுங்கு கலையவில்லை பாருங்கள். ‘வீழ்’தான் ‘ஃபால்’ என்றால், நம் வாயும் வேரும் வில்லும் வீடும் ஆங்கிலத்தில் ‘ஃப’வில் தொடங்கியிருக்க வேண்டும். ‘மவுத்’, ‘ரூட்’, ‘போ’, ‘ஹவுஸ்’ என்று திசைக்கொன்றாக நிற்கின்றன. ஒற்றைச் சொல் ஒத்திருப்பது, கூட்டத்தில் யாரோ ஒருவர் நம் சித்தப்பா ஜாடையில் இருப்பது மாதிரி.

ஆங்கிலத்துக்கும் ஆர்மேனியத்துக்கும் இடையில் அந்த வரிசை இருக்கிறது. ஆங்கில ‘ஃப’ இருக்குமிடத்தில் ஆர்மேனியத்தில் பெரும்பாலும் ‘ஹ’ இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. ‘ஃபாதர்’ அங்கே ‘ஹாய்ர்’. ‘ஃபைவ்’ என்பது ‘ஹிங்’. ‘ஃபயர்’ என்பது ‘ஹுர்’. பாதத்தைச் சொல்லும் ‘ஃபுட்’ என்பது ‘ஒத்ன்’, அங்கே ஹகரமும் உதிர்ந்துவிட்டது. மூலமொழியின் ‘ப’ ஜெர்மானியக் கிளையில் ‘ஃப’ ஆனது (இதை 1822இல் யாக்கோப் கிரிம் விதியாக எழுதி வைத்தார், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான்), ஆர்மேனியத்தில் வெறும் மூச்சாகத் தேய்ந்தது.

அப்படியானால் ‘ஃபால்’ என்பதன் ஆர்மேனியச் சொந்தம் ‘ஹ’வில் அல்லவா தொடங்க வேண்டும்? ‘அங்க்னெல்’ எங்கே, ‘ஃபால்’ எங்கே? இங்கேதான் எனக்கு முதலில் தலை சுற்றியது.

‘ஃபால்’ சொல்லுக்கு வேர் நூல்கள் காட்டும் சொந்தங்கள் இரண்டு. ஒன்று லித்துவேனியாவில் இருக்கிறது, ‘புல்தி’: விழு என்றும் பொருள், பாய்ந்து தாக்கு என்றும் பொருள். இன்னொன்று ஆர்மேனியத்தில், ‘புல்’. நம் ஊர்ப் புல் அல்ல; ‘ப’வை மூச்சு தள்ளிச் சொல்ல வேண்டும். பொருள் இடிவு, சரிவு. வினையாகப் பழைய ஆர்மேனியத்தில் ‘ப்லானிம்’, இன்றைக்கு ‘ப்லவெல்’: சுவர் இடிந்து விழுவது, கூரை சரிவது. ‘ஹ’ வராமல் மூச்சுள்ள ‘ப’ வந்திருப்பதால், மூலத்திலேயே அது மூச்சோடு கூடிய ‘ப’ என்று கொள்கிறார்கள். அந்த மூச்சு எப்படி வந்தது என்று சண்டை இன்னும் நடக்கிறது. உறவு மட்டும் பெரும்பாலான நூல்களில் இருக்கிறது.

சரி, ‘அங்க்னெல்’ யாருக்குச் சொந்தம்? அதன் பழைய வடிவம் ‘அங்கானிம்’, ‘நான் விழுகிறேன்’. பழைய ஆர்மேனியச் சொற்களை அகராதியில் இப்படித் தன்மை ஒருமையில்தான் கொடுப்பார்கள். கடைசி ‘இம்’ நான், நடுவில் ‘ஆன்’ ஒட்டு, வேர் ‘அங்க்’. ஆர்மேனியம் சொல் முதலில் வரும் பழைய ‘ச’வை ஊதித் தள்ளிவிடும் மொழி. ஆங்கில ‘சால்ட்’ அங்கே பழைய வடிவில் ‘அல்’, ‘செவன்’ இன்றைக்கு ‘யொத்’. ஆகவே ‘அங்க்’ முன்னால் ஒரு ‘ச’ இருந்து போயிருக்கலாம். அடுத்து, ஆங்கில ‘க’வுக்கு ஆர்மேனியத்திலும் ‘க’ நேராக வரும்: ‘கவ்’ என்ற பசு அங்கே ‘கொவ்’, ‘க்வீன்’ என்ற சொல்லின் சொந்தம் ‘கின்’, பெண். நடுவில் உள்ள ‘அன்’ எங்கிருந்து? ஆங்கிலத்தில் எதிர்மறைக்கு வரும் ‘அன்’ ஆர்மேனியத்திலும் ‘அன்’தான்; உயிர் இல்லாமல் தனியாக நின்ற பழைய னகரம் இரண்டு இடத்திலும் இப்படி ஒரு உயிரைச் சேர்த்துக்கொண்டது. இப்போது விட்டதைப் போட்டுப் பாருங்கள்: முன்னால் ‘ச’, நடுவில் ‘ன்’, கடைசியில் ‘க’.

‘சிங்க்’. ஆங்கிலத்தின் ‘மூழ்கு’. கப்பல் முழுகுவதற்குச் சொல்லும் சொல், பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் சொல்லும் சொல்.

அதாவது இரண்டு வேர்களையும் பாட்டன் சொத்தாக இரண்டு மொழிகளும் பெற்றன. ஆங்கிலம் முதல் வேரை விழுவதற்கு வைத்துக்கொண்டு, இரண்டாவதைத் தண்ணீருக்குள் போவதற்கு ஒதுக்கியது. ஆர்மேனியம் இரண்டாவதை விழுவதற்கு வைத்துக்கொண்டு, முதலாவதை இடிந்து விழுவதற்கு ஒதுக்கியது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது அம்மியும் உரலும் மாறிப் போன கதை. தாத்திக் ஜன்னலில் நின்று எனக்குக் கத்தியதை ஒலி ஒலியாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், ‘முழுகிடாதே கண்ணு’ என்றல்லவா வருகிறது!

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஹ்ராச்யா அச்சாரியானின் வேர்ச்சொல் அகராதியிலிருந்து. 1876இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிறந்தவர், பாரிஸில் ஆந்துவான் மெய்யே என்ற பிரெஞ்சு மொழியியலாளரிடம் பாடம் கேட்டவர். யெரெவானில் 1926 முதல் 1935 வரை ஏழு தொகுதிகளாக அதைக் கொண்டுவந்தார். 1937இல் ஸ்டாலின் காலக் கைதுகளில் சிக்கிச் சிறைக்கும் போய்வந்தார். ஒரு சொல்லுக்குத் தன் முடிவைச் சொல்வதற்கு முன்னும் பின்னும், அதுவரை யார் யார் என்னென்ன சொன்னார்கள், யார் எங்கே தவறினார்கள் என்று மனிதர் வரிசையாகப் பட்டியல் போட்டிருப்பார். படிக்கப் படிக்க வம்பு கேட்கிற சுவை வரும்.

பொருளுக்கு வருவோம். ‘ஃபால்’ வந்த இடத்திலெல்லாம் ‘அங்க்னெல்’ போட்டால் ஆர்மேனியர்கள் சிரிப்பார்கள். மழை அங்கே விழாது, வரும்: ‘அன்த்ஸ்ரெவ் எ கலிஸ்’, மழை வருகிறது. நாம் “மழை வருது, துணியை எடு” என்றால் இன்னும் வரவில்லை என்று பொருள். அவர்கள் சொன்னால் நனைந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். பனியும் அப்படியே வரும். பொழுது சாய்ந்தால் ஆங்கிலத்தில் இரவு ‘விழும்’. ஆர்மேனியத்தில் சூரியன் மறைவதற்கு ‘மைராமுத்’. ‘மைர்’ தாய், ‘முத்’ நுழைவு. சூரியன் அம்மாவிடம் போய்ச் சேர்கிறான்.

இலை உதிர்வதற்கு ‘தப்வெல்’. ‘தப்பெல்’ என்றால் கொட்டு, தண்ணீரைக் கொட்டுவது போல. ‘தப்வெல்’ அதன் செயப்பாட்டு வடிவம்: கொட்டப்படு, சிந்து. தலைமுடிக்கும் அதே சொல். தோல் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் வந்து இதைச் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாம் ‘முடி கொட்டுது’ என்கிறோம், ‘முடி விழுது’ என்பதில்லை. பல்லுக்கு மட்டும் ‘விழுந்துடுச்சு’. ஆர்மேனியர்களும் அப்படியே: முடி கொட்டும், பல் விழும். ஆங்கிலம் இரண்டையும் ‘ஃபால் அவுட்’டில் போட்டு அடைத்துவிடும். இதை வைத்துக்கொண்டு தமிழும் ஆர்மேனியமும் உறவு என்று யாரும் அடுத்த செய்தி கிளப்ப வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

தூங்கிப்போனதற்கு அவர்கள் சொல்வது ‘குன்ஸ் தாராவ்’: தூக்கம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ‘தாராவ்’ என்பதன் வேர்வினை ‘தானெல்’, எடுத்துச் செல். நான் படியில் விழுந்த அன்று தாத்திக் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்து, என் கையைத் தடவிக்கொண்டே “த்சாவத் தானெம்” என்றாரே, அதிலும் இதே வினைதான்: உன் வலியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆர்மேனியாவில் காய்கறிக்காரர்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் மீதிச் சில்லறை தருவார்.

காதல்? ‘சிராஹர்வெல்’. ‘செர்’ என்றால் அன்பு, காதல். ‘ஹர்’ என்றால் அடி. காதலால் அடிபடுவது. ஆங்கிலேயன் காதலில் விழுகிறான், ஆர்மேனியன் காதலிடம் அடி வாங்குகிறான். ‘காதலில் விழுந்தான்’ என்று தமிழில் எழுதுவது ஆங்கிலத்தின் நகல் என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. குறளின் காமத்துப்பாலில் ‘தாம்வீழ்வார்’ என்று வருகிறது; தாம் விரும்புகிறவர் என்று பொருள். வீழ்தலுக்கு விரும்புதல் என்ற பொருளை நம் அகராதிகளும் தருகின்றன. ஆனால் அங்கே காதல் என்ற குழிக்குள் விழுவது இல்லை, ஓர் ஆளை வீழ்வது. நகல் என்றே வைத்துக்கொண்டாலும், ஊன்றுவதற்கு மண் இங்கே தயாராக இருந்திருக்கிறது.

போரில் மாண்டவர்களை ஆங்கிலத்தில் ‘விழுந்தவர்கள்’ என்பார்கள். ஆர்மேனியத்திலும் ‘அங்க்னெல்’ அதற்கு ஆகும். நாளிதழிலும் பேச்சிலும் மிகுதியாகக் கேட்பது ‘ஸொஹ்வெல்’, பலியாதல். விலை விழுவதற்கு ‘அங்க்னெல்’ ஆகும், இறங்குவதற்கு உள்ள ‘இஜ்னெல்’லும் ஆகும். கையிலிருந்து எதையாவது தவறவிட்டால் அதற்குத் தனிச்சொல், ‘கத்செல்’, நாம் ‘கீழே போட்டுட்டான்’ என்பதுபோல.

‘அங்க்னெல்’ தன் சொந்த வீட்டில் என்னென்ன செய்கிறது என்பதுதான் இன்னும் ருசி. பயணம் கிளம்புவதற்கு ‘ச்சம்பா அங்க்னெல்’, வழியில் விழுவது. மாட்டிக்கொண்டால் ‘க்ராக்ன் அங்கா’, நெருப்பில் விழுந்தேன். ஒருவன் பின்னாலேயே அலைந்தால் அவன் பின்னால் விழுந்தாய். இரண்டு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘அச்க்’ என்றால் கண். ‘அச்கி அங்க்னெல்’ என்றால் கண்ணுக்கு விழுவது, அதாவது பலர் நடுவே எடுப்பாகத் தெரிவது. ‘அச்கித்ஸ் அங்க்னெல்’ என்றால் கண்ணிலிருந்து விழுவது: மதிப்பு இழப்பது, மனதை விட்டு இறங்கிப்போவது. வேற்றுமை உருபு ஒன்று மாறியதும் ஆள் மேடையிலிருந்து குப்பைக்குப் போய்விடுகிறான். தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எங்கள் உடற்கூறியல் ஆசிரியை முதலாவதை ஒருத்திக்கும் இரண்டாவதை எனக்கும் ஒரே மூச்சில் சொன்னதால் எனக்கு இது மறக்காது.

வேற்றுமை என்றதும் ஞாபகம் வருகிறது. இலக்கணத்தில் வரும் வேற்றுமையை ஆங்கிலத்தில் ‘கேஸ்’ என்கிறார்களே, அதுவும் விழுந்ததுதான். கிரேக்க இலக்கணக்காரர்கள் அதை ‘ப்தோசிஸ்’, விழுதல் என்றார்கள்; ரோமர்கள் அதையே பெயர்த்துக் ‘காசுஸ்’ என்றார்கள், ‘கதெரே’ என்றால் விழு. நான் தினமும் பார்க்கும் நோயாளி ‘கேஸ்’உம் அதே லத்தீன் விழுதல். ‘சான்ஸ்’, ‘ஆக்சிடென்ட்’ எல்லாம் அதே வேர். கண்ணிமை தொங்கிப்போவதை மருத்துவத்தில் இன்றும் ‘ப்டோசிஸ்’ என்றே எழுதுகிறோம். ‘சிம்ப்டம்’ என்பதும் கிரேக்கத்தில் கூட வந்து விழுந்தது.

மருத்துவம் என்றதும் அந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் ஆண்டு, நரம்பியல் வார்டு. ஒரு பையனின் குறிப்பேட்டில் ‘அங்க்னாவொருத்யுன்’ என்று எழுதியிருந்தது. ‘அங்க்ன்’ தெரியும், விழு. ‘உத்யுன்’ தெரியும், நம் ‘தன்மை’ மாதிரி ஒரு விகுதி. படியில் உருண்டு வந்த கேஸ் என்று முடிவு கட்டி, பையனின் அம்மாவிடம் “எந்தப் படியில் விழுந்தான்? கால் அசைக்க முடிகிறதா?” என்று கேட்டுக்கொண்டே அவன் முழங்காலைத் தட்டிப் பார்த்தேன். அந்த அம்மா என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னாலிருந்த பேராசிரியர், “காலை விடு, தலையைப் பார்” என்றார். அது கால்கை வலிப்பு. ஆர்மேனியர்கள் அந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரே ‘விழுந்து விழுந்து போகும் தன்மை’. ஆங்கிலத்திலும் முன்பு ‘விழும் நோய்’ என்றுதான் சொன்னார்கள். நாம் இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்றோம், அவர்கள் விழுவதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

இன்னொரு பொறி: ‘அங்கெர்’. நண்பன். சோவியத் காலத்தில் தோழர் என்பதற்கும் இதுவே. பார்த்தால் ‘அங்க்னெல்’ கூடப் பிறந்தது மாதிரி இருக்கும், விழும்போது தாங்குபவன் நண்பன் என்று கவிதை எழுதத் தோன்றும். உண்மையில் அது ‘கூட’ என்ற முன்னொட்டும் ‘உண்’ என்ற வேரும் சேர்ந்தது. சேர்ந்து சாப்பிடுகிறவன்.

மேற்கு ஆர்மேனியம் பேசுகிறவர்களிடம், 1915 இனப்படுகொலைக்குப் பிறகு பெய்ரூட், அலெப்போ என்று சிதறியவர்களின் வழி வந்தவர்களிடம், இந்தச் சொல் ‘இய்னால்’ ஆகிவிடும். விழுந்தான் என்பது ‘இங்காவ்’. அந்தக் ‘க’வை ‘மாங்காய்’ மாதிரி மென்மையாகச் சொல்ல வேண்டும். நம் சென்னைக்கும் ஆர்மேனியத்துக்கும் தொடர்பு உண்டு: உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அங்கேதான் அச்சானது, ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் நடத்தினார். அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்லும் ஆர்மேனியன் தெருவில் அவர்களுடைய தேவாலயம் இன்றும் இருக்கிறது.

முதலில் சொன்ன ‘புல்’ என்ற வேரிலிருந்து வரும் சொல் ஒன்றை விட்டுவிட்டேன்: ‘ப்லத்தாக்’, இடிபாடு. 1988 டிசம்பர் 7, காலை 11.41. ஸ்பிதாக் ஊரை மையமாக வைத்து 6.8 அளவில் நிலம் அதிர்ந்தது. பள்ளிக்கூட நேரம். குறைந்தது 25,000 பேர் செத்தார்கள், ஒன்பது மாடிக் கட்டடங்கள் அடுக்கு அடுக்காக உட்கார்ந்துவிட்டன. அந்த நாளைப் பற்றிப் பேசும்போது யாரும் ‘அங்க்னெல்’ சொல்லிக் கேட்டதில்லை. மனிதன் விழுவான், எழுந்துவிடலாம். கட்டடத்துக்கு ‘ப்லவெல்’தான், ஆட்கள் இருந்தது ‘ப்லத்தாக்’ அடியில்தான். தாத்திக்கின் தங்கை கியும்ரியில் இருந்தார், அன்றைக்கு அந்த ஊருக்கு லெனினாக்கன் என்று பெயர். படத்தைக் காட்டி அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு, காபி ஆறிவிடும், குடி என்றார்.

மொழிபெயர்ப்பு வேலைக்காகக் கேட்டிருந்தால், ‘ஃபால்’ வந்த முழு வாக்கியத்தையும் கீழே போடுங்கள். முடி விழுந்ததா பல் விழுந்ததா சுவர் விழுந்ததா என்று தெரிந்தால் ஆர்மேனியச் சொல்லைத் தந்துவிடுகிறேன்.